மிடி கேபிளில் சத்தம் போகாது: பேஸ்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பிள்ளையார் சதுர்த்திக் கச்சேரிகள் ஓய்ந்து, நவம்பரில் ராஜ்யோத்சவக் கச்சேரிகள் தொடங்கும் வரை கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும். பெங்களூரில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரர்கள் புதுக் கருவி பார்க்கக் கிளம்புவது அப்போதுதான். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சிந்த்தும் (மின்னணுவாக ஒலி உண்டாக்கும் சிந்தசைசர்) மிடியும் (கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் முறை). மாடல் பெயரைச் சொல்லாமல் "என் மெஷின்" என்று மட்டும் எழுதியவர்கள் ஐந்து பேர். எனக்கு ஜோசியம் தெரியாது.

கீபோர்டு இல்லாத நாலு பேர் குழு எங்களுடையது. இந்திராநகர், கோரமங்களா பப்களில் வாசிக்கிறோம். சிந்த் பெடல் வாங்கலாமா, சின்ன கீபோர்டு சிந்த் வாங்கலாமா? (காக்ஸ் டவுன்)

பெடல். பேஸ் சத்தத்தையே அது சிந்த் மாதிரி மாற்றிவிடும், விரல் ஏற்கெனவே பழகிய வேலையையே செய்தால் போதும். மிடி, சேனல் என்று எதையும் புதிதாகப் படிக்க வேண்டாம். பாஸ் கம்பெனியின் எஸ்.ஒய்-1 மாதிரி ஒன்றில் கிட்டாருக்கும் பேஸுக்கும் தனித்தனி சுவிட்ச் நிலை உண்டு. இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினாலும் தடுமாறாது. அதே கம்பெனியின் பழைய ஓ.சி-2 ஆக்டேவருக்கு (கீழ் ஸ்தாயி ஸ்வரத்தைச் சேர்க்கும் பெடல்) ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். இரண்டு கொடுத்தால் வாய் கொப்பளிக்கும். ஆனாலும் அந்தத் தடித்த ஒலிக்காகவே தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு. எதை வாங்கினாலும் பெடல் வரிசையில் முன்னால் வையுங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிரைவ், அடர்த்தியாக்கும் கோரஸ் எல்லாம் அதற்குப் பிறகு. அப்புறம், நான் எப்போதும் சொல்வதுதான்: சுத்தமான பேஸ் சத்தம் ஒரு டி.ஐ. (கருவியை நேராக மிக்ஸரில் இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாகத் தனியாக மிக்ஸருக்குப் போகட்டும். சிந்த் காலை வாரினாலும் பாட்டு விழாது.

மிடி கேபிளை ஆம்ப்பில் சொருக ஜாக் மாற்றி எங்கே கிடைக்கும்? (ஸ்ரீராம்புரம்)

எங்கும் கிடைக்காது. மிடி கேபிளில் சத்தம் போகாது. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டாய் என்ற தகவல்தான் போகும். சத்தம் வேண்டுமென்றால் சிந்த்தின் ஆடியோ அவுட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

பேஸில் ஜி.கே. பிக்கப் (ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாக எடுப்பது) பொருத்தி மிடியாக மாற்றி வாசிக்கிறேன். மேல் கம்பிகளில் சரியாக இருக்கிறது, இ கம்பியில் சிந்த் தாமதமாக வருகிறது. கருவியில் கோளாறா? (விவேக் நகர், இதையே ஜாலஹள்ளி, ஒயிட்ஃபீல்டிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்)

கோளாறு இல்லை. கடைக்காரரிடம் சண்டை போட்டதாக ஒயிட்ஃபீல்ட்காரர் எழுதியிருக்கிறார், பாவம் கடைக்காரர்.

திறந்த இ கம்பி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. ஒரு அதிர்வு முடியவே 24 மில்லிசெகண்ட் ஆகிவிடும். இது என்ன ஸ்வரம் என்று முடிவுகட்ட மெஷினுக்குக் குறைந்தது ஒரு முழு அதிர்வாவது வேண்டும். மீட்டிய முதல் கணத்தின் இரைச்சலைத் தள்ளிவிட்டால் இரண்டு. ஆக 30 முதல் 50 மில்லிசெகண்ட் தானாகப் போய்விடுகிறது. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ், அது இன்னும் மோசம். 50 மில்லிசெகண்ட் என்றால் ஏதோ தூசு என்று நினைக்காதீர்கள். 17 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளோடு சேர்ந்து தாளம் பிடிக்கிற மாதிரி. டெம்போ 120-ல் ஒரு கால் பீட்டே 125 மில்லிசெகண்ட்தான்.

இதில் "மிடியே ஸ்லோ" என்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். 1983-ல் வந்த மிடி நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகிறது. ஒரு ஸ்வரத்தின் தகவல் போய்ச்சேர ஒரு மில்லிசெகண்ட் போதும். தபால்காரர் ஓடித்தான் வருகிறார். கடிதம் எழுதி முடிக்கத்தான் நேரமாகிறது.

சரி, என்ன செய்யலாம்? மேலே போய் வாசியுங்கள். ஜி கம்பியின் 12-வது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) 196 ஹெர்ட்ஸ். ஒரு அதிர்வுக்கு 5 மில்லிசெகண்ட்தான். அங்கே வாசித்து, சிந்த்தில் ஒன்றோ இரண்டோ ஆக்டேவ் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் சென்சிட்டிவிட்டியைத் தனித்தனியாக வையுங்கள். பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். ஸ்லாப் (கம்பியைக் கட்டைவிரலால் அடிப்பது), கோஸ்ட் நோட் (சுருதியில்லாத தட்டல்) எல்லாவற்றையும் மிடி பேட்ச்சில் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) மறந்துவிடுங்கள். நம் காதுக்கு அழகாகக் கேட்கும் அந்தத் தட்டல் மெஷினுக்குக் குப்பை.

அதே ஜி.கே. பிக்கப்பை பாஸ் கம்பெனியின் எஸ்.ஒய்-1000 சிந்த் மாதிரி ஒன்றில் சொருகினால் கதை வேறு. அதன் உள் சிந்த் கம்பியின் சத்தத்தையே எடுத்து உருமாற்றுகிறது. மிடியாக மாற்றி வெளியே அனுப்பும் வேலை அங்கே இல்லை, அதனால் தாமதம் அநேகமாகத் தெரியாது. மூன்று பேரும் எந்த மாடல் என்று எழுதியிருந்தால் இந்தப் பத்தியோடு முடித்திருப்பேன். ஆஸ்திரேலியாவின் இண்டஸ்ட்ரியல் ரேடியோ கம்பெனி இன்னொரு வழி கண்டிருக்கிறது: விரல் எந்த ஃப்ரெட்டில் கம்பியைத் தொடுகிறது என்று மின்தொடர்பு மூலமே பேஸ் தெரிந்துகொள்ளும், அதிர்வை எண்ணக் காத்திருக்காது.

என் ஆதங்கம் இதுதான். அடிநாதத்தை விரலிடமிருந்து பிடுங்கிக் கணக்குப்போடும் மெஷினிடம் கொடுப்பானேன்? 1970-களில் ரஷ் குழுவின் கெட்டி லீயும் ஜெனிசிஸின் மைக் ரதர்ஃபோர்டும் மூக் டாரஸ் என்ற கால் பெடலை வைத்திருந்தார்கள். மொத்தம் 13 கட்டை, ஆர்கனின் கால் கட்டை மாதிரி. கை வேறு ஏதாவது வாசிக்கும், கால் கீழ் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எந்த மெஷினும் எதையும் ஊகிக்கவில்லை. மிதித்தால் வரும், எடுத்தால் நிற்கும். இன்று ஒரு மிடி கால் பெடலும் சின்ன சிந்த்தும் அதே வேலையைச் செய்யும். மேலே ஒரு பேட் (மெத்தென்று நீளும் ஒலி), பின்னணியில் ஒரு நீண்ட ஸ்வரம் என்று சிந்த்துக்கு மெதுவான வேலை கொடுங்கள். அங்கே 50 மில்லிசெகண்ட் யார் காதுக்கும் தெரியாது. டிரம்மரின் கிக்கோடு சேர்ந்து விழ வேண்டிய அடியை உங்கள் விரலே போடட்டும். இதை நான் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெஷினை மாற்றுகிறார்களே தவிர, கேட்பதை மாற்றுவதில்லை.

கால் பெடலிலும் யு.எஸ்.பி. இருக்கிறது, சிந்த்திலும் யு.எஸ்.பி. இருக்கிறது. நேராக இணைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. (கே.ஆர்.புரம்)

இரண்டும் மாப்பிள்ளை வீடு. யு.எஸ்.பி.யில் ஒரு பக்கம் ஹோஸ்ட் (இணைப்பை நடத்தும் கருவி) இருந்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் அல்லது மிடி ஹோஸ்ட் பெட்டி. இரண்டிலும் ஐந்து பின் சாக்கெட் இருந்தால் அதிலேயே இணைத்துவிடுங்கள், 15 மீட்டர் வரை பயமில்லை. சாக்கெட் சின்ன ஜாக்காக இருந்தால் ஏ வகையா, பி வகையா (உள்ளே கம்பி இணைக்கும் இரண்டு முறைகள்) என்று பாருங்கள். 2018-ல் ஏ வகையைத்தான் தரமாக ஏற்றார்கள், ஆனால் அதற்கு முந்தைய ஆர்டூரியா, நோவேஷன் கருவிகளில் பி வகை நிறைய. கேபிள் மாறினால் எதுவும் எரியாது. எதுவும் வாசிக்காது, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் பழைய ராக் சிந்த் (கட்டை இல்லாமல் சட்டத்தில் பொருத்தும் பெட்டி) அனுப்பியிருக்கிறான். அப்படியே சொருகலாமா அண்ணா? (அல்சூர்)

கையை எடுங்கள் தம்பி. முதலில் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் பிளக்கின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 அதைப் புகையாக்கிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கருவி இழுக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். பெடல்களுக்கும் இதே பேச்சு: எத்தனை வோல்ட், எத்தனை மில்லியாம்ப், நடுவில் பிளஸ்ஸா மைனஸா. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுவில் மைனஸ். "பெரும்பாலான" என்பதை இன்னொரு தடவை படியுங்கள்.

லேப்டாப்பில் சாஃப்ட்வேர் சிந்த். சார்ஜர் மாட்டியதும் ஹம், கீச்சுச் சத்தம். எர்த் பின்னை வெட்டிவிட்டால் போகும் என்கிறார் சவுண்ட்காரர். உண்மையா? (மர்ஃபி டவுன்)

ஹம் போகும், ஆளும் போகலாம். எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள், அதுவும் பந்தலில் ஜெனரேட்டர் ஓடும் இடத்தில். சத்தம் வருவது லேப்டாப்பின் கிரவுண்டும் மிக்ஸரின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆவதால். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் வாங்கி, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். கீச்சு யு.எஸ்.பி. வழியாக வந்தால் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் உதவும். ஐந்து பின் மிடியில் இந்தத் தொல்லை இல்லை. அதன் வாங்கும் முனையில் ஆப்டோகப்ளர் இருக்கிறது, தகவல் வெளிச்சமாகத் தாண்டிப்போகும், கிரவுண்ட் ஒட்டாது. 1983-லேயே யோசித்திருக்கிறார்கள். இன்னொன்று: லேப்டாப் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128-க்கு மேல் வைக்காதீர்கள், தாமதம் கூடும். லேப்டாப் திணறினால் மற்ற எல்லா புரோகிராமையும் மூடுங்கள்.

வயிறு அதிர வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் ஒரு ஆக்டேவ் கீழே சேர்த்தால் என்ன? (ஆஸ்டின் டவுன்)

இ கம்பிக்கு ஒரு ஆக்டேவ் கீழே 20 ஹெர்ட்ஸ் சொச்சம். வாடகைக்கு வரும் 12 இஞ்ச் டாப் ஸ்பீக்கர் 50-க்குக் கீழேயே கைவிரித்துவிடும். கேட்காத சத்தத்துக்கு ஆம்ப் சக்தியைத் தின்னும், கோன் மட்டும் ஆடும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, மேலே கொஞ்சம் டிரைவ் சேருங்கள். காது அடியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆக்டேவர் வேண்டுமானால் 7-வது ஃப்ரெட்டுக்கு மேலே வாசிக்கும்போது.

ஃப்ரெட்லெஸ்ஸில் (ஃப்ரெட் இல்லாத பேஸ்) ஜாரு, கமகம் வாசித்தால் சிந்த் படியேறுகிற மாதிரி ஸ்வரம் ஸ்வரமாகத் தாவுகிறது. சில சமயம் சுருதியே தப்புகிறது. (மல்லேஸ்வரம்)

இந்த முறை வந்ததில் நல்ல கேள்வி. தாவினால் மிடியாக மாற்றும் கன்வெர்ட்டரில் குரோமாட்டிக் முறை (அரை ஸ்வரங்களுக்கு நடுவே நிற்க விடாதது) போட்டிருக்கிறது, அதை எடுங்கள். சுருதி தப்பினால் பிட்ச் பெண்ட் எல்லை (ஸ்வரத்தை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பது) இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. பல சிந்த்கள் வாங்கும்போது மேலும் கீழும் இரண்டு செமிடோன் (அரை ஸ்வரம்) என்ற எல்லையோடு வரும். கன்வெர்ட்டர் 12 என்று நினைத்து அனுப்புகிறது, சிந்த் 2 என்று நினைத்து வளைக்கிறது. அப்புறம் ரிஷபம் எங்கே போய் நிற்கும்? இரண்டிலும் 12 வையுங்கள், நீண்ட ஜாரு வந்தால் 24. ஒவ்வொரு கம்பிக்கும் தனி சேனல் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு கம்பியின் கமகம் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் தோடியின் காந்தாரத்தை மெஷின் அப்படியே பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்குத்தான் சுத்தமான பேஸ் தனி வழியில் போகட்டும் என்கிறேன்.

பேட்ச் 10 அனுப்பினால் 11 வருகிறது. (ஒயிட்ஃபீல்ட்)

ஒன்று 0-விலிருந்து எண்ணுகிறது, மற்றது 1-லிருந்து. ஒன்றைக் கழித்து அனுப்புங்கள்.

மேடையில் ஒரு ஸ்வரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கீபோர்டு அண்ணன் இன்னும் திட்டுகிறார். (எச்.ஏ.எல்.)

ஸ்வரத்தை ஆரம்பிக்கும் தகவல் போய், நிறுத்தும் தகவல் போகும் முன் கேபிள் கழன்றிருக்கும். ஒரு கல்யாண வரவேற்பில் என் காலே என் கேபிளை இழுத்து, தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு முழுக்க எஃப் ஷார்ப் ஊளையிட்டது. அன்றிலிருந்து கேபிளை மேடையில் டேப் போட்டு ஒட்டுகிறேன். கால் பெடலில் ஒரு சுவிட்சை சி.சி. 120 என்ற மிடி கட்டளைக்கு ஒதுக்குங்கள், எல்லாச் சத்தமும் அந்தக் கணமே அடங்கும். 123 என்பது விரலை எடுத்த மாதிரி, ஸ்வரம் இழுத்துத்தான் ஓயும்.

கீபோர்டுகாரர் இடது கையிலேயே பேஸ் வாசித்துவிடுவாராம், எனக்குச் சம்பளம் வீண் என்கிறார் ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர். என்ன சொல்வது? (சிவாஜி நகர்)

பேஸ்காரன் இல்லாமல் சமாளிக்கலாம் என்று 1980-களின் தொடக்கத்தில் ரோலண்ட் டி.பி-303 என்று ஒரு பெட்டியே வந்தது. தனியாகப் பழகும் கிட்டார்காரருக்கு பேஸ் வாசிக்கும் மெஷின். யாருக்கும் அது பேஸ் மாதிரி கேட்கவில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு வேறு மாதிரி வாசிக்கத் தெரிந்தவர்கள் கைக்குப் போய்ப் பெரும்புகழ் பெற்றது. நம் பம்பாய் ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங் 1982-லேயே அதோடு 808 டிரம் மெஷினையும் ஜூபிட்டர்-8 சிந்த்தையும் வைத்து ராகங்கள் வாசித்துப் பதிவு செய்தார். நடத்துபவரிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள், அவருக்குக் கவலையில்லை. கீபோர்டுகாரரின் இரண்டு கையும் தேவைப்படும் மூன்று பாட்டைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே நீங்கள் கால் பெடலில் ஒரு பேட் பிடித்துக் காட்டுங்கள். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை என்று அவருக்கே கணக்குப் புரியும்.

சிந்த் வாங்கினேன், வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை. (ஊர், பெயர் இல்லை)

எந்த சிந்த்? எதோடு எந்தக் கேபிளில் இணைத்தீர்கள்? விளக்கு எரிகிறதா? அடாப்டர் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது? நாலுக்கும் பதில் எழுதுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.