மருந்து வேண்டாம், ஊசி மட்டும் போதும் என்கிறார்களே: வழுக்கைக்கான மைக்ரோநீட்லிங் குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 28. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக நெற்றியின் இரு ஓரமும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சந்தலையிலும் தோல் தெரிகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான். கோவையில் ஒரு கிளினிக்கில், மைக்ரோநீட்லிங் 12 சிட்டிங் எடுத்தால் மருந்தே தேவையில்லை, 65,000 ரூபாய், மாதத் தவணையும் உண்டு என்றார்கள். முன்பணமாக 8,000 கட்டிவிட்டேன். நண்பரோ, ஆன்லைனில் டெர்மா ரோலர் (ஊசிகள் பதித்த உருளை) வாங்கி வீட்டிலேயே உருட்டிக்கொள்ளலாம் என்கிறார். தலையில் பொடுகும் உண்டு. மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்ற பயமும் இருக்கிறது. ஊசி மட்டும் போதுமா?

பதில்: போதாது. அதற்காக, நுண்ணிய ஊசிகளால் தலைத்தோலில் துளையிடும் இந்தச் சிகிச்சையே பயனற்றது என்று பொருள் கொள்ள வேண்டாம். மருந்தோடு சேர்த்துச் செய்யும்போது அது உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. மருந்தை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்பச் சொல்வதற்கு அத்தகைய சான்று இல்லை. தங்களிடம் பேசியவர் துணையாக நிற்க வேண்டியதை முதன்மையாக்கி, முதன்மையானதைத் தேவையே இல்லை என்று ஒதுக்கி, அதற்கு 65,000 ரூபாய் விலையும் வைத்திருக்கிறார்.

தாங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் பரம்பரையாக வரும் ஆண் வழுக்கைக்கு உரியவை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனிலிருந்து உடலிலேயே உண்டாகும் டிஹெச்டி என்னும் இயக்குநீர், நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களை ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கச் செய்கிறது. தடித்த முடி விழுந்த இடத்தில் மெல்லிய முடியும், அது விழுந்த இடத்தில் பூனைமுடியும் முளைத்து, கடைசியில் அதுவும் நின்றுபோகிறது. காதுக்கு மேலும் பிடரியிலும் உள்ள மயிர்க்கால்கள் இந்த டிஹெச்டிக்கு அவ்வளவாக மசிவதில்லை என்பதால்தான், முழு வழுக்கை விழுந்தவருக்கும் அந்த இடத்தில் முடி நிற்கிறது. ஊசி செய்வது வேறு. நுண்ணிய ஊசிகள் தோலில் துளையிடும்போது உடல் அதைக் காயமென்று எடுத்துக்கொண்டு ஆற்ற முனைகிறது. அந்த ஆற்றும் வேலையில் வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் சோர்ந்த மயிர்க்கால்களையும் தூண்டுகின்றன என்பது இப்போதுள்ள விளக்கம். மேலே தடவும் மருந்து உள்ளிறங்கவும் தோல் இடம் கொடுக்கிறது. ஆனால் இதில் எந்த இடத்திலும் டிஹெச்டி குறையவில்லை. களைக்கொத்தால் கிளறிவிட்ட மண்ணில் உரம் நன்றாக இறங்கும். உரமே போடாமல் கிளறிக்கொண்டு மட்டும் இருந்தால் விளைச்சல் வராது.

இந்தச் சிகிச்சையை விற்கும் இடங்களில் எல்லாம் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஆய்வு ஒன்று உண்டு. தங்களுக்கும் காட்டியிருப்பார்கள். அது வெளிநாட்டு ஆய்வன்று. மும்பை சயானில் உள்ள மாநகராட்சி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரசிதா துராத் தலைமையில் நடந்து, 2013-இல் வெளியானது. வழுக்கை ஓரளவே முற்றியிருந்த 100 ஆண்களை இரு பிரிவாக்கி, 12 வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. ஊசி உருளை, மற்றவர்களுக்கு அது இல்லை. முடிவில், குறித்து வைத்த ஒரு சதுர சென்டிமீட்டரில் கூடிய முடிகளின் சராசரி எண்ணிக்கை, ஊசி போட்ட பிரிவில் 91.4, போடாத பிரிவில் 22.2. இந்த இரண்டு எண்களும் விளம்பரத்தில் பெரிதாக வருகின்றன. வராமல் போவது இதுதான்: இரு பிரிவினருமே, முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடிலின் 5 சதவீதக் கரைசலை நாளுக்கு இருமுறை தடவினார்கள். ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு மருந்தைத் தொடாத பிரிவு என்று ஒன்று அந்த ஆய்வில் இல்லவே இல்லை. ஆகவே அந்த ஆய்வைக் காட்டி "மருந்தே தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் அதைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைக்கிறார். ஊசியைத் தனியாகவும் மருந்தைத் தனியாகவும் இரண்டையும் சேர்த்தும் ஒப்பிட்டுப் பார்த்த பிந்தைய ஆய்வுகள் அளவில் சிறியவை. அவற்றிலும் சேர்த்துச் செய்ததே முந்தியிருக்கிறது.

இனி, தங்களிடம் பேசியவர் யார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோட்டு அணிந்து, கேமராவால் தலையைப் பெரிதாக்கிக் காட்டி, "இன்னும் ஆறு மாதம் விட்டால் ஒன்றும் மிஞ்சாது" என்று சொன்னவர் மருத்துவரா, கவுன்சிலர் என்ற பெயரில் அமர்த்தப்பட்ட விற்பனைப் பணியாளரா? என்னிடம் வரும் இளைஞர்கள் பலர், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கட்டிவிட்டவர்களாக இருக்கிறார்கள். சிலர் கடைசி சிட்டிங் வரையிலும் மருத்துவரைப் பார்த்ததே இல்லை. இலக்கு வைத்து விற்பவருக்குத் தங்கள் நோய் என்னவென்பது தேவையில்லை. எத்தனை தவணை என்பதுதான் தேவை. ஊசி மட்டும் என்று தொடங்கிய பேச்சு பி.ஆர்.பி., ஜி.எஃப்.சி. (இரண்டும் நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் செலுத்துபவை), எக்ஸோசோம் (செல்கள் வெளிவிடும் நுண்துகள்கள்) என்று ஒவ்வொரு படியாக ஏறும். இவற்றில் எக்ஸோசோம் தயாரிப்பு எதற்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி வழங்கவில்லை என்பதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஊசி போட்ட கையோடு பெயர் தெரியாத சீரத்தைத் தலையில் ஊற்றுவதையும் அனுமதிக்காதீர்கள். தோலின் மேல் தடவுவதற்கென்று செய்த பொருளைத் தோலுக்குள் அனுப்புவது வேறு விஷயம். முகத்தில் ஊசி உருளை வைத்துச் சீரம் தடவிய பெண்கள் மூவருக்குத் தோலில் ஒவ்வாமைக் கட்டிகள் வந்ததை 2014-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. மினாக்ஸிடிலைக்கூட, மும்பை ஆய்வில், ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குப் பிறகே தடவச் செய்தார்கள்.

நண்பர் சொன்ன வழியும் வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கென விற்கும் உருளைகளில் ஊசியின் நீளம் பெரும்பாலும் 0.25 அல்லது 0.5 மி.மீ.; ஆய்வில் பயன்பட்டதோ 1.5. குட்டை ஊசியை உருட்டி நீண்ட ஊசியின் பலனை எதிர்பார்க்க முடியாது. நீண்ட ஊசியை வீட்டில் வைத்துக்கொண்டால், அதைக் கிருமி நீக்க வெந்நீரும் போதாது, மேலோட்டமாகத் துடைக்கும் ஸ்பிரிட்டும் போதாது. சில முறை உருட்டிய பின் முனை வளைந்து, துளையிடுவதற்குப் பதிலாகத் தோலைக் கிழிக்கும். அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் ஒரே உருளையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருக்கிறது. ரத்தம் கசியும் கருவி அது. ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. எல்லாம் இப்படிப் பரவக்கூடியவை. சலூனில் செய்துகொண்டாலும் இதே ஆபத்துதான்.

காயம் ஆறிய பின்னும் தடித்து வளரும் கெலாய்டு தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. அவற்றைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, தாங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தப் பொடுகைப் பற்றி. பொடுகு என்று நம் ஊரில் சொல்லப்படுவது எல்லாம் பொடுகன்று. தலையில் வரும் சோரியாசிஸும் செதில் செதிலாகத்தான் உதிரும், அரிக்கும். அதை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகப் பொடுகு ஷாம்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரணப் பொடுகு மெல்லிய மாவுபோலவோ பிசுபிசுப்பாகவோ தலை முழுதும் பரவியிருக்கும். சோரியாசிஸ் என்றால் செதில் தடித்து, வெள்ளி நிறத்தில், எல்லை தெளிவாகத் தெரியும் திட்டாக இருக்கும். நெற்றியில் முடி தொடங்கும் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும், காதுக்குப் பின்னாலும் வரும். முழங்கையிலோ முட்டியிலோ அதேபோல் ஒரு திட்டும், நகத்தில் குத்திவிட்டாற்போன்ற சிறு குழிகளும் இருக்கக்கூடும். எல்லோருக்கும் எல்லா அடையாளமும் இராது என்பதால் கண்ணாடியைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்ய வேண்டாம். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சோரியாசிஸ் உள்ளவரின் தோலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே புதிதாக நோய் எழக்கூடும். மருத்துவத்தில் இதைக் கெப்னர் நிகழ்வு என்பார்கள். ஆயிரக்கணக்கான நுண்காயங்களை வேண்டுமென்றே உண்டாக்குவதுதானே இந்தச் சிகிச்சை? உருளை போன தடத்திலேயே வரிவரியாகச் செதில் எழும்பி வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முடிக்காகப் போனவர், கடைசியில் சோரியாசிஸுக்கு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊசி போட்டவரிடம் "பொடுகு இருக்கிறது" என்று முதல் நாளே சொன்னாராம். ஷாம்பு ஒன்றை விற்று அனுப்பியிருக்கிறார்கள். ஆகையால், செதில் என்னவென்று ஒரு தோல் மருத்துவர் கையால் தடவிப் பார்த்துச் சொல்லும் வரை, தங்கள் தலையில் எந்த ஊசியும் படக் கூடாது.

மாத்திரை பற்றிய பயத்துக்கு வருகிறேன். தாங்கள் கேள்விப்பட்டிருப்பது ஃபினாஸ்டரைட் 1 மி.கி. மாத்திரை. டிஹெச்டி உண்டாவதைக் குறைப்பது அதுதான். 1997 முதல் வழுக்கைக்காகப் பயன்பாட்டில் உள்ளது. பாலுணர்வு குறைந்ததாகச் சொன்னவர்கள், அதன் ஆய்வுகளில், மாத்திரை எடுத்தோரில் 100-க்கு 1.8 பேர், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தோரில் 1.3 பேர். பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியாகிவிடும். நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகப் புகார் சொன்னவர்கள் சிலர் உண்டு. மனச்சோர்வு இருந்தால், அல்லது முன்பு இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கேட்ட பின்னும் மாத்திரை வேண்டாமென்று தோன்றினால் அது தங்கள் உரிமை. அப்போதும் மினாக்ஸிடில் இருக்கிறது. 60 மி.லி. புட்டி ஒரு மாதத்துக்கு வரும். விலை ஆயிரம் ரூபாயைத் தொடாது. முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரக்கூடும். பழைய முடியைப் புதியது தள்ளுவதால் நேர்வது அது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் கிடைத்த பலன் சில மாதங்களில் போய்விடும். இந்த உண்மையைச் சொன்னால் வியாபாரம் நடக்காது என்பதால்தான், "12 சிட்டிங்கில் முடிந்துவிடும்" என்ற பேச்சு பிறக்கிறது.

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. மருந்துகள் விதிகளின் 'ஜே' அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாத நோய்களின் வரிசையில், வழுக்கையும் இருக்கிறது. முடி மாற்று அறுவையை யார் செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தாளில் எல்லாம் இருக்கிறது. பேருந்தின் முதுகில் வழுக்கை விளம்பரம் போய்க்கொண்டிருக்கிறது. விதிகளை அறிவித்தவர்கள் யாரும் அந்தக் கிளினிக்கின் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை புகார் எழுதுவது?

தாங்கள் செய்ய வேண்டியது இது. திருப்பூரிலோ கோவையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருநாள் விடுப்பு எடுத்துப் போய், தோல் நோய்ப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிப் பாருங்கள். வரிசை நீளமாக இருக்கும். ஆனால் அங்கே இருப்பவருக்குத் தங்களிடம் விற்க ஒன்றுமில்லை. தனியாரிடம் போவதானால், அவர் பெயரும் தோல் மருத்துவப் பட்டமும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவில் உள்ளனவா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பொடுகா சோரியாசிஸா என்பது முதலில் தீரட்டும். பிறகு மருந்தைத் தொடங்கி, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் பலன் போதவில்லை என்றால் அப்போது ஊசியைச் சேர்க்கலாம். செய்பவர் மருத்துவராக இருக்க வேண்டும், ஊசி முனையின் உறையைத் தங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பணம் வாங்க வேண்டும். மொத்தமாகக் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டிய 8,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? சிகிச்சை தொடங்காத நிலையில் அதைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். "மருந்தே தேவையில்லை" என்று அவர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது ஏதேனும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே நாளில் எழுதுங்கள். சிகிச்சையே தொடங்காமல் தவணை மட்டும் பிடித்தம் ஆகிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.