பக்தியா, விசாரமா? – கேட்டவையும் சொன்னவையும்

திருவண்ணாமலை ரமண மகரிஷியின் தமிழ் நூல்களில் பக்தியும், 'நான் யார்' என்று தன்னையே நாடும் ஆன்ம விசாரமும் எப்படிச் சேர்கின்றன என்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குண்டலினி, ஜாதகம், கனவில் வந்த பாம்பு பற்றியெல்லாமும் கேட்டிருக்கிறீர்கள். அவை எனக்குத் தெரிந்த துறை இல்லை, விட்டுவிட்டேன்.

சேலம்: தினமும் காலையில் கண்ணை மூடி "நான் யார், நான் யார்" என்று சொல்கிறேன். மனம் அடங்கவில்லை. எத்தனை முறை சொல்ல வேண்டும்?

கணக்கே வேண்டாம், தம்பி. அது ஜபம் இல்லை. திருவண்ணாமலை மலையிலுள்ள விருபாட்சி குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' என்ற சின்ன நூல். அதில் வழி தெளிவாக இருக்கிறது. எண்ணம் ஒன்று எழுந்தால் அதை முடிக்கப் பார்க்காமல், இது யாருக்கு உண்டாயிற்று என்று கேட்க வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று திரும்பினால் மனம் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பிவிடும்.

நேற்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல் இன்று காலை நினைவுக்கு வருகிறது, எரிச்சல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அவருக்கு மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருப்போம். அதை விட்டு, எரிச்சல் யாருக்கு என்று பாருங்கள். கவனம் மேலாளரை விட்டு உங்கள் பக்கம் திரும்புகிறது அல்லவா, வேலை அவ்வளவுதான். "நான் பிரம்மம்" என்று வார்த்தையில் பதில் வந்தால் அதுவும் ஓர் எண்ணம். அது யாருக்கு வந்தது என்று அதையும் கேட்க வேண்டியதுதான்.

நீங்கள் செய்தது வீண் என்று சொல்லவில்லை. 'நான், நான்' என்று கருதிக்கொண்டிருந்தாலும் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆனால் நூலைப் படிக்காமல், யாரோ பேசிய பத்து நிமிடச் சுருக்கத்தைக் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். ஒரு மாலைப் பொழுதில் முழுதும் படித்துவிடலாம்.

கோவை: சங்கரர் பக்தியை மட்டமாக நினைத்தவர்தானே?

இல்லை. அவர் பெயரில் வழங்கும் விவேகசூடாமணி, முக்திக்கான சாதனங்களில் பக்தியே சிறந்தது என்று சொல்லி, தன் சொரூபத்தை இடைவிடாது நாடுவதே பக்தி என்றும் சொல்கிறது. அந்த நூல் அவருடையதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது தனிக் கதை.

திருநெல்வேலி: முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றி உட்கார்ந்தால்தான் எனக்கு நிம்மதி. மகன் "அதெல்லாம் ஆரம்பப் பாடம், கடைசியில் விசாரம்தான்" என்கிறான். விட்டுவிட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம், அம்மா. உங்கள் மகன் உபதேச உந்தியாரைப் பாதியில் மூடி வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1927-இல் அவருடைய அன்பரான கவிஞர் முருகனார் கேட்டு ரமணர் எழுதிய 30 பாட்டு அது. பூசையைவிட ஜபம், ஜபத்தைவிடத் தியானம் உயர்வு என்று நாலாம் பாட்டில் வரிசை வருவது உண்மைதான். ஆனால் எட்டாம் பாட்டைப் பாருங்கள். இறைவனை வேறாக நினைப்பதைவிட 'அவன் அகம்', அதாவது அவனே நான், என்னும் அனனிய பாவமே (வேறில்லை என்ற நினைவே) அனைத்திலும் உத்தமம். ஒன்பதாவது, அந்தப் பாவத்தின் பலத்தால் பாவனை கடந்த நிலையில் இருப்பதே 'பரபத்தி தத்துவம்', அதாவது மேலான பக்தியின் உண்மை, என்கிறது. விசாரம் போய்ச் சேரும் இடத்துக்கே அவர் பக்தி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் மகனிடம் சொல்லுங்கள். 1896-இல் மதுரையில் இறந்துபோகிறோம் என்ற மரண அனுபவம் வந்த பிறகு, அன்று பையனாக இருந்த ரமணர் போய் நின்றது மீனாட்சி கோயிலில், அறுபத்துமூவர் முன்னால். அவர்களைப் போன்ற பக்தி வேண்டும் என்று எப்போதாவது வேண்டியதாகவும், பெரும்பாலும் ஒன்றும் கேட்காமல் கண்ணீர் விட்டபடி நின்றதாகவும் பின்னாளில் அவரே சொன்னார். விளக்கை ஏற்றுங்கள்.

சிதம்பரம் (சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு வகுப்பு நடத்துபவர்): உங்கள் பதிலில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 'அவனே நான்' என்று முடித்துவிட்டு அதற்குப் பரபக்தி என்று பெயரிட்டால் பக்தி ஆகிவிடுமா? அடியான் இல்லாமல் அன்பு ஏது? சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வழியில், உயிரைக் கட்டும் மலம் நீங்கிய பின்னும் உயிர் இருக்கிறது, சிவானந்தத்தை நுகர்கிறது. ரமணரே அருணாசல சிவன்மேல் பாடிய அட்சரமணமாலையில் நாயகியாக நின்று 108 கண்ணியில் கெஞ்சுகிறாரே! இறைவனும் தானும் ஒன்றே என்கிற அத்வைதி யாரிடம் கெஞ்சுவார்?

நல்ல கேள்வி ஐயா, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கெஞ்சுகிறார், சரி. என்ன கேட்டுக் கெஞ்சுகிறார் என்று பாருங்கள். முதல் கண்ணியே 'அருணாசலமென அகமே நினைப்பவர் அகத்தைவேர் அறுப்பாய் அருணாசலா'. அருணாசலம் என்று நினைக்கிறவரின் அகந்தையை வேரோடு அறுப்பவன் என்பதுதான் அங்கே துதி. இன்னொரு கண்ணியில் அவனைச் சார்ந்து, அவனுக்கு உணவாகிச் சாந்தமாய்ப் போவேன் என்கிறார். அப்புறம் 1928-இல் வந்த அவருடைய தத்துவ நூலான உள்ளது நாற்பதை எடுங்கள், 21-ஆம் வெண்பா. தன்னைக் காண்பது எப்படி, தலைவனைக் காண்பது எப்படி என்று கேட்டுவிட்டு 'ஊணாதல் காண்' என்று முடிக்கிறார். அவனுக்கு உணவாவதுதான் அவனைக் காண்பது. காதல் பாட்டிலும் தத்துவ வெண்பாவிலும் ஒரே பேச்சு. இது ரமணர் தொடங்கி வைத்ததும் இல்லை. நம்மாழ்வார் பாடுகிறார்: உன்னைக் கண்டால் வாரி விழுங்கிவிடுவேன் என்று நான் ஆசைப்பட்டிருக்க, 'என்னில் முன்னம் பாரித்துத் தான் என்னை முற்றப் பருகினான்'. என்னை முந்திக்கொண்டு ஆசைப்பட்டு அவனே என்னை முழுதும் குடித்துவிட்டான் என்கிறார்.

அன்பு முற்றும்போது அன்பு செய்கிறவன் மிஞ்ச வேண்டும் என்பது உங்கள் கட்சி. மிஞ்ச விடாமல் தின்றுவிடு என்று அந்த அன்பே கேட்கிறது என்பது இந்தப் பாட்டுகள்.

ஸ்ரீரங்கம்: குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நம்மாழ்வாரை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். பருகினான் என்றது பெருமாளுக்கு ஆழ்வார்மேல் இருந்த ஆசையைக் காட்டத்தான், ஐக்கியத்தைச் சொல்ல இல்லை. பருகப்பட்ட பிறகும் ஆழ்வார் பாடிக்கொண்டுதானே இருக்கிறார்?

சிதம்பரம்: அதைத்தான் நானும் சொல்கிறேன்! உணவான பிறகு பாடுவது யார்?

சைவமும் வைணவமும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள், என் பாக்கியம்.

ஸ்ரீரங்கத்து ஐயா, உங்கள் உரை மரபில் அப்படித்தான் படிப்பார்கள், மறுக்கவில்லை. ஆழ்வார் அத்வைதி என்று நான் சொல்லவும் இல்லை. அந்த அனுபவத்தைச் சொல்ல வேறு வேறு மரபுகளுக்குத் தின்னப்படுவது என்ற ஒரே பேச்சுதான் வாய்த்திருக்கிறது என்கிறேன். ராமாநுஜர் அதிலிருந்து ஒரு தத்துவம் கட்டினார், மெய்கண்டார் வழி வேறொன்று.

உங்கள் சண்டைக்கு ரமணரின் நேர்ப்பதில் உள்ளது நாற்பதின் இரண்டாம் வெண்பா. உலகு, உயிர், இறை என்ற மூன்றை எல்லா மதமும் முதலில் வைத்துக்கொள்கிறது. ஒன்றே மூன்றாக நிற்கிறது, மூன்றும் என்றும் மூன்றே என்ற வாதமெல்லாம் 'அகங்காரம் இருக்குமட்டே', அது இருக்கும் வரைதான். நான் கெட்டுத் தன் நிலையில் நிற்பதே தலையானது.

சிதம்பரம்: மூன்றும் பொய் என்று சொல்லாமல் சொல்வதுதானே அது? நடுவர் வேடத்தில் வந்த அத்வைதம்!

கொஞ்சம் அப்படித்தான், ஐயா. ஆனால் 'ஒன்றே' என்று வாதாடுகிற அத்வைதியையும் சேர்த்துத்தானே அதில் உட்காரச் சொல்கிறார்? அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

மதுரை: சரணாகதி என்றால் வேலையை விட்டுவிட்டு உட்காருவதா?

இல்லை. ரயில் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது என்று தெரிந்தும், ஏறிக்கொண்ட நாம் சின்ன மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று 'நான் யார்?' கேட்கிறது. இறக்கச் சொன்னது மூட்டையை. ரயிலை விட்டு இறங்கச் சொல்லவில்லை. ஆத்ம சிந்தனை தவிர வேறு சிந்தனைக்கு இடங்கொடாமல் இருப்பதே தன்னை ஈசனுக்கு அளிப்பது என்றும் அங்கேயே இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், அந்த நூலைப் படியுங்கள்.

ஈரோடு: எது சிறந்தது, பக்தியா ஞானமா?
வேலூர்: இரண்டில் எது சீக்கிரம் பலன் தரும்?
திருச்சி: கலியுகத்துக்கு எது ஏற்றது?

மூவருக்கும் சேர்த்து ஒரே முறை. உள்ளது நாற்பதுக்கு மங்கலப் பாட்டு இரண்டு. ஒன்று, உள்ள பொருளை உள்ளத்தே உள்ளபடி இருந்து நினைப்பது. மற்றது, மரண பயம் மிகுந்தவர்கள் மகேசன் சரணத்தைச் சார்வது. பாடியவர் இரண்டையும் வைத்திருக்கும்போது நான் மதிப்பெண் போட மாட்டேன். எதில் மனம் தானாகப் போகிறதோ அதில் இறங்குங்கள்.

நாகர்கோவில்: அசைவம் சாப்பிடுபவர் விசாரம் செய்யலாமா?

செய்யலாம். உணவு நியமம் பற்றி 'நான் யார்?' சொல்வது மித சாத்விக ஆகாரம் (அளவான, சாத்விகமான உணவு), விசாரத்துக்கு அது துணை.

கடலூர்: ராத்திரியில் படபடப்பு, தூக்கமே இல்லை. விசாரம் செய்தால் சரியாகுமா?

முதலில் மருத்துவரைப் பாருங்கள், தம்பி. இந்த வாரமே பாருங்கள். விசாரம் எங்கும் போய்விடாது.

தஞ்சாவூர்: பக்தி, ஞானம் இரண்டில் எது உயர்ந்தது என்று சொல்லவே இல்லையே?

ஈரோட்டுக்குச் சொன்னதைப் படிக்கவும்.

காஞ்சிபுரம்: எனக்குப் பாட வராது. அட்சரமணமாலையைப் படித்தால் போதுமா?

போதும். அது கச்சேரிக்கு எழுதியது இல்லை. ரமணருடன் மலையில் இருந்த அன்பர்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது தெருவில் பாடிக்கொண்டு போகக் கேட்டுத்தான் பிறந்தது. ராகம் பிசகினாலும் அன்றைக்குச் சோறு கிடைத்திருக்கும்.