ஆறு ரேஸுக்கும் ‘நிச்சய வெற்றி’ ஐம்பது பவுண்டுக்கா?

கேள்வி: “லண்டனில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, சாண்டவுன் பார்க்கில் நடக்கும் தடை தாண்டும் குதிரைப் பந்தயத்துக்கு ஆபீஸ் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஊரில் மாமாவோடு இரண்டு முறை கிண்டி ரேஸுக்குப் போனதோடு சரி. ரேஸ் கார்டை, அதாவது ஓடும் குதிரைகளின் விவரத் தாளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டெலிகிராமில் ஒருவர், அன்றைக்கு ஆறு ரேஸில் ஜெயிக்கும் குதிரைகளை ஐம்பது பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். போன வாரம் நான்கு குதிரை ஜெயித்த பந்தயச் சீட்டின் (ஸ்லிப்) படத்தையும் அனுப்பினார். ஆறையும் சேர்த்துக் கட்டினால் பெரிய தொகை வருமாம். வாங்கலாமா? வேண்டாமென்றால் நானாக எப்படித் தேர்ந்தெடுப்பது?”

பதில்: வாங்காதீர்கள்.

இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இந்த டெலிகிராம் குருக்களைப் பற்றிக் கேட்டு வாரத்துக்கு ஒரு கடிதமாவது வருகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எட்டுக் குதிரை ஓடும் ஒரு ரேஸ் என்று வையுங்கள். குருவிடம் 800 பேரின் நம்பர் இருக்கிறது. நூறு நூறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு குதிரையின் பெயரை அனுப்புகிறார். ஏதோ ஒரு குதிரை ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? நூறு பேருக்கு அவர் சொன்னது பலித்துவிட்டது. மற்ற 700 பேரை மறந்துவிடுவார். அடுத்த ரேஸில் ஐந்து குதிரை. அந்த நூறு பேரை இருபது இருபதாகப் பிரிக்கிறார். இப்போது இருபது பேர் கண்ணெதிரே இரண்டு முறை அடுத்தடுத்துப் பலித்திருக்கிறது. அந்த இருபது பேரும் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டுவார்கள். குருவுக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

ஸ்லிப் படமா? ரேஸ் முடிந்த பிறகு படம் தயாரிப்பது இன்று பள்ளிக்கூடப் பையனுக்கே கைவந்த வேலை. அப்படியே அது நிஜ ஸ்லிப்பாக இருந்தாலும், அதே நாளில் அவர் கட்டித் தோற்ற பதினைந்து ஸ்லிப்புகளை உங்களுக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. டிப்ஸ் (எந்தக் குதிரையில் கட்டலாம் என்ற யோசனை) இலவசம், ஆனால் “இந்த லிங்கில் போய் அக்கவுன்ட் திறங்கள்” என்பார்கள். பல பெட்டிங் கம்பெனிகள் இப்படி ஆள் பிடித்துத் தருபவருக்கு, அந்த ஆள் தோற்கும் பணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தருகின்றன. நீங்கள் தோற்றால் அவருக்கு வருமானம். அவர் சொல்லும் குதிரை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த லிங்க் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளத்துக்குப் போனால், ஜெயித்தாலும் பணம் கைக்கு வருமா என்பது சந்தேகம். பிரிட்டனில் உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியலை, அவற்றைக் கண்காணிக்கும் கேம்ப்ளிங் கமிஷன் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. தேடிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

அடுத்து அந்த ஆறு குதிரைக் கட்டு. இங்கே அதற்கு ‘அக்யுமுலேட்டர்’ என்று பெயர். ஆறும் ஜெயித்தால்தான் காசு, ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு. கூட்டம் அதிகம் நம்பும் ஃபேவரிட் குதிரையே சுமார் மூன்றில் ஒரு ரேஸில்தான் ஜெயிக்கிறது. அந்தக் கணக்கில் ஆறு ஃபேவரிட்டும் வரிசையாக ஜெயிக்கும் வாய்ப்பு 729-ல் ஒன்று. 2015 மார்ச்சில் செல்டென்ஹாம் குதிரைப் பந்தயத் திருவிழாவின் முதல் நாளை இங்கே பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். வில்லி முல்லின்ஸ் பயிற்சி அளித்து ரூபி வால்ஷ் ஓட்டிய நான்கு குதிரைகளையும் சேர்த்து ஊரே கட்டியிருந்தது. டூவான், அன் டு சோ, ஃபோகீன் மூன்றும் ஜெயித்தன. நான்காவது ஆனி பவர். கடைசித் தடைக்கு வரும்போது முன்னால் தனியாக வந்துகொண்டிருந்தது. அந்தத் தடையில் விழுந்தது. நான் அப்போது ஒரு பெட்டிங் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். ஒரு நிமிஷம் கடையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் ஸ்லிப்புகளைக் கிழிக்கும் சத்தம்.

சரி, நீங்களாக எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் கிண்டியை மறந்துவிடுங்கள். அங்கே நீங்கள் பார்த்தது தடையில்லாத ஓட்டம். இங்கே ஏறக்குறைய இரண்டு மைலாவது ஓடி, வழியெல்லாம் தாண்ட வேண்டும். தடையில் இரண்டு வகை. ‘ஹர்டில்’ குறைந்தது மூன்றரை அடி உயரம், குதிரை கொஞ்சம் இடித்தாலும் வளைந்து கொடுக்கும். ‘ஃபென்ஸ்’ குறைந்தது நாலரை அடி, அது மன்னிக்காது. ஃபென்ஸ் ரேஸுக்குச் ‘சேஸ்’ என்று பெயர். வேகமான குதிரையைத் தேடுவது புதியவர் செய்யும் முதல் தப்பு. நீங்கள் தேட வேண்டியது வெற்றியாளரை அல்ல. யாரெல்லாம் இன்றைக்கு ஜெயிக்க மாட்டார்கள் என்று பார்த்து, அந்தப் பெயர்களைப் பேனாவால் அடித்துக்கொண்டே வாருங்கள்.

கார்டில் குதிரை பெயருக்குப் பக்கத்தில் ‘11எஃப்-3பி2’ என்பது போல ஒரு வரிசை இருக்கும், ஆங்கில எழுத்தில். வலது கோடியில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். நடுவில் வரும் சிறு கோட்டுக்கு இடப்பக்கம் போன சீசன். ஆக இந்தக் குதிரை போன சீசனில் இரண்டு முறை ஜெயித்து, அப்புறம் விழுந்திருக்கிறது (எஃப்). இந்த சீசனில் மூன்றாவது, பிறகு ஓட்டத்தின் நடுவிலேயே ஜாக்கி நிறுத்திவிட்டார் (பி), கடைசியாக இரண்டாவது. ‘யு’ என்றால் ஜாக்கி கீழே விழுந்தார். பூஜ்யம் என்றால் பத்தாவது இடமோ அதற்கும் கீழோ. சமீபத்து மூன்று நான்கு ஓட்டங்களில் எஃப்போ யுவோ இரண்டு முறை இருந்தால், சேஸ் ரேஸில் பெயரை அடித்துவிடுங்கள். சாண்டவுனில் இன்னும் தைரியமாக அடிக்கலாம். அங்கே ரயில் பாதையை ஒட்டிய நேர்ப்பகுதியில் மூன்று ஃபென்ஸ்கள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும். ‘ரயில்வே ஃபென்ஸ்’ என்றே பெயர். முதலாவதில் தாளம் தப்பினால் அடுத்த இரண்டிலும் திணறும். அதற்கப்புறம் குளத்தோரம் ஒன்று, பிறகு முடிவுக்கோடு வரை மேடு. முன்னால் பறந்து வந்த குதிரை அந்த மேட்டில் நடக்கிற மாதிரி ஆவதை நிறையப் பார்க்கலாம்.

அதனால்தான் அந்த மைதானத்தில் முன்பு ஜெயித்ததைக் காட்டும் ‘சி’ என்ற எழுத்துக்கு மதிப்பு. டிசம்பரில் அங்கே நடக்கும் பெரிய ரேஸுக்கு டிங்கிள் கிரீக் என்று பெயர். சாண்டவுன் என்றாலே உற்சாகமாகிவிடும் ஒரு குதிரையின் பெயர் அது.

அடுத்தது தரை. என்னைக் கேட்டால் இதுதான் பாதி வேலை. ‘குட்’ என்றால் நல்ல தரை, ‘சாஃப்ட்’ ஈரம், ‘ஹெவி’ சேறு. சேற்றில் சிறக்கும் குதிரை வேறு, நல்ல தரையில் சிறக்கும் குதிரை வேறு. இன்றைய தரையில் இதற்கு முன் முதல் மூன்று இடத்துக்குள் வந்திராத குதிரையின் பெயரை அடித்துவிடுங்கள். ரேசிங் பத்திரிகைகளின் இணையதளங்களில் ஒவ்வொரு பழைய ஓட்டத்துக்கும் தரை எழுதியிருக்கும். ஆனால் மைதானத்துக்காரர்கள் காலையில் சொல்லும் வார்த்தையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தரையைக் குத்தி அளக்க ஒரு கருவி இருக்கிறது, எண் தருகிறது. அப்படியும் ஒரு மைதானத்தின் ‘சாஃப்ட்’ இன்னொன்றின் ‘ஹெவி’யாக இருக்கிறது. இத்தனை வருஷமாக ஏன் இதை ஒழுங்கு செய்ய மாட்டேன் என்கிறார்களோ! நீங்கள் செய்ய வேண்டியது, முதல் ரேஸில் காசு கட்டாமல் வேடிக்கை மட்டும் பார்ப்பது. திரும்பி வரும் குதிரைகளின் வயிறு வரை சேறு தெறித்திருந்தால், அறிவிப்புப் பலகை என்ன சொன்னாலும் தரை ஈரம்தான்.

மூச்சுக்குழாய் அறுவை செய்த குதிரை என்றால் அதையும் கார்டில் குறிக்கிறார்கள், 2018 ஜனவரியிலிருந்து. போன முறை நடுவில் நிறுத்தப்பட்ட குதிரை, அறுவைக்குப் பிறகு முதல் முறை ஓடுகிறது என்றால் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். ‘ஹேண்டிகேப்’ ரேஸில் நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றுவார்கள். அந்தக் கணக்குக்குள் இப்போது போக வேண்டாம், முதல் நாளிலேயே மண்டை காயும்.

இப்படி அடித்துக்கொண்டு வந்தால் ஒரு ரேஸில் இரண்டு மூன்று பெயர் மிஞ்சும். ஐந்து மிஞ்சினால் அந்த ரேஸை விட்டுவிடுங்கள். எல்லா ரேஸிலும் கட்டியாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இனி காசு கட்டும் இடம். புதியவர்கள் எல்லாரும் ‘ஈச் வே’ கட்டுவார்கள். அது இரண்டு பந்தயம், ஒன்று முதலிடத்துக்கு, இன்னொன்று முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. 5 பவுண்டு ஈச் வே என்றால் 10 பவுண்டு போகும். எத்தனை இடத்துக்குப் பணம் என்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐந்து முதல் ஏழு குதிரை என்றால் இரண்டு இடம்தான். எட்டும் அதற்கு மேலும் என்றால் பொதுவாக மூன்று இடம். இந்த எட்டு என்ற எண்ணில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், பொறுமையாகப் படியுங்கள்.

சனிக்கிழமை காலை எட்டுக் குதிரை. நீங்கள் 10/1 விலையில் (ஒரு பவுண்டுக்குப் பத்து பவுண்டு லாபம்) ஒன்றின் மேல் 5 பவுண்டு ஈச் வே கட்டுகிறீர்கள். அது மூன்றாவதாக வருகிறது. இடத்துக்குக் கட்டிய பந்தயத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை, அதாவது 2/1 கிடைக்கும். உங்கள் ஐந்தோடு பத்து லாபம் சேர்ந்து 15 பவுண்டு கைக்கு வரும். முதலிடத்துக்குக் கட்டிய 5 போனாலும் மொத்தத்தில் 5 பவுண்டு லாபம். இப்போது மதியம் ஒரு குதிரை கால் வலி என்று விலகுகிறது. ஓடுவது ஏழு. மூன்றாவது இடத்துக்குப் பணமே கிடையாது. அதே குதிரை, அதே மூன்றாவது இடம், உங்கள் பத்தும் போச்சு. நீங்கள் கட்டும்போது எட்டு இருந்ததே என்று கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை, கிளம்பும்போது எத்தனை என்பதுதான் கணக்கு. இதே விலகலால் இன்னொரு வெட்டும் உண்டு. விலகியது 2/1 விலையில் இருந்த குதிரை என்றால், உங்கள் குதிரை ஜெயித்தாலும் லாபத்தில் பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடிப்பார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. ஆகவே சரியாக எட்டுக் குதிரை ஓடும் ரேஸில், குதிரைகள் கிளம்பும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை ஈச் வே கட்டாதீர்கள். ஒன்பது பத்து இருந்தால் கொஞ்சம் நிம்மதி. மைதானத்துப் புக்கிகள் (பந்தயப் பணம் வாங்குபவர்கள்) ஈச் வே விதியைத் தங்கள் பலகையில் எழுதியிருப்பார்கள். புரியாவிட்டால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வரிசையாக நிற்கும் புக்கிகளில் ஒருவர் 7/2 தரும்போது பக்கத்தில் ஒருவர் 4/1 தருவார். நான்கு அடி நடந்து பார்த்துக் கட்டுங்கள்.

இதெல்லாம் கற்றுக்கொண்டால் ஜெயித்துக்கொண்டே இருக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று நம் சுப்ரீம் கோர்ட்டே 1996-ல், சென்னை வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. திறமை இருக்கலாம், அதற்கு இடம் கொடுக்க வேண்டுமே! நான் சில மாதம் தொடர்ந்து ஜெயித்தேன். ஒரு பெரிய ஆன்லைன் கம்பெனி, ஒரு ரேஸுக்கு இரண்டு பவுண்டுக்கு மேல் வாங்க மாட்டோம் என்று மின்னஞ்சல் அனுப்பியது. அதே வாரம், மாதாமாதம் தோற்கும் என் நண்பருக்கு அதே கம்பெனி ‘ஃப்ரீ பெட்’ அனுப்பியது.

மைதானத்துக்குப் போக வாட்டர்லூவில் ரயில் ஏறி எஷரில் இறங்குங்கள், பக்கத்திலேயே இருக்கிறது. குருவுக்குக் கொடுக்க இருந்த ஐம்பதைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஐந்து உறையில் போட்டுக்கொள்ளுங்கள், பேங்க் கார்டை வீட்டில் வைத்துவிட்டு. நான்காவது ரேஸில் ஐந்தாவது உறையைப் பிரிக்காதீர்கள்.