கீமோவுக்குப் பிறகு வயிற்றுப்போக்கு: புரோபயாட்டிக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஃபோல்ஃபிரி என்ற மருந்துக் கூட்டில் கீமோ ஏற்றினார்கள். 5-ம் நாளிலிருந்து தினமும் ஏழெட்டு முறை தண்ணீராகப் போகிறது. ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறமி) அவருக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதல். தயிர், புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா மருந்து) கொடுத்தால் நிற்குமா?

பதில்: சாப்பாட்டைக் குறைசொல்ல வேண்டாம். காரணம் பெரும்பாலும் ஃபோல்ஃபிரியில் உள்ள இரினோடெகான். உடலுக்குள் இது எஸ்என்-38 என்ற வீரியமான பொருளாக மாறித்தான் கட்டியைத் தாக்குகிறது. பிறகு கல்லீரலில் யுஜிடி1ஏ1 என்ற நொதி அதன்மேல் ஒரு சர்க்கரைத் துண்டை ஒட்டி, வீரியத்தை அடக்கி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்களுக்கு அந்தச் சர்க்கரை தீனி. பீட்டா-குளுகுரோனிடேஸ் நொதியால் அதைக் கத்தரித்து எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது பழைய எஸ்என்-38. குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கிவிடுகிறது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய பிலிருபின்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை வெளியேற்றுவதும் இதே நொதிதான். யுஜிடி1ஏ1 மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்று தீர்மானிக்கும் முன்பகுதியில் 'டிஏ' என்ற எழுத்து ஜோடி வழக்கமாக 6 முறை வரும். சிலருக்கு 7 முறை. ஒரு ஜோடி கூடினாலே நொதி உற்பத்தி குறையும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் 7 வந்திருந்தால் எஸ்என்-38 உடம்பில் தேங்கும். வயிற்றுப்போக்கோடு வெள்ளை அணுக்களும் சரியும். அடுத்த சுற்று கீமோவுக்கு முன் இந்த மரபணுப் பரிசோதனையைக் கேளுங்கள். அப்படி இருந்தால் இரினோடெகானைச் சுமார் 30% குறைத்துக் கொடுத்து, அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூட்டுவார்கள்.

கீமோ ஏற்றி 24 மணி நேரத்துக்குப் பிறகு வரும் போக்குக்கு, அதை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை. முதலில் 2 மி.கி. மாத்திரை இரண்டு, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒன்று, இரவில் 4 மணி நேரத்துக்கு இரண்டு. போக்கு நின்று 12 மணி நேரம் ஆகும்வரை தொடர வேண்டும். 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வழக்கமான அளவைவிட இது அதிகம் என்பதால் உங்கள் மருத்துவரின் சம்மதம் தேவை. ஒன்றிரண்டு மாத்திரையோடு விட்டுவிடுவதால்தான் பலருக்கு நிற்பதில்லை. ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர் கொடுங்கள். பால் வேண்டாம்.

புரோபயாட்டிக்கும் இப்போது வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது அந்த உயிருள்ள கிருமிகள் ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். தயிரை, ரத்த எண்ணிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாக்டீரியாவை ஒழிக்கிறேன் என்று ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நியோமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் போக்கு குறிப்பிடும்படி குறையவில்லை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மலத்தில் ரத்தம், வாந்தி, தலைசுற்றல் இருந்தாலோ, 24 மணி நேரத்தில் போக்கு அடங்காவிட்டாலோ லோப்பரமைடை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். இரவானாலும் கீமோ ஃபைலோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.