கலர்த் தமகோச்சி: கறை எது, கோடு எது?

வணக்கங்க. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் மாமா, ஜப்பான் போனபோது பழைய சாமான் கடையில் 2008-இல் வந்த தமகோச்சி பிளஸ் கலர் என்ற, திரைக்குள் செல்லப்பிராணி வளர்க்கும் கையடக்கப் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். ரீசார்ஜ் செல் போட்டிருக்கிறேன். திரை மங்கல். ஒரு பக்கம் சாய்த்தால் நிறம் தலைகீழாகிறது. ஓரத்தில் பழுப்புக் கறை. நடுவில் நெட்டுக்கு ஒரு கோட்டில் படமே இல்லை. திரையைப் போர்டோடு இணைக்கும் ரிப்பனில் சோல்டரிங் அயர்ன் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமுங்களா?
க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க.,

அயர்னை எடுக்காதீங்க. நீங்கள் சொன்ன நாலில் இரண்டு பழுதே இல்லை.

மங்கலுக்கு முதல் சந்தேகம் செல்மேல். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், இரண்டுக்கு 2.4. இந்தப் பொம்மைக்கு வேண்டியது 3. புது அல்கலைன் ஏஏஏ இரண்டு போட்டுப் பாருங்க. சாய்த்தால் நிறம் மாறுவது அந்தக் காலத்துச் சின்ன கலர்த் திரைகளின் சுபாவம். அதைத் திருத்தக் கிளம்புவது வீண் வேலை.

கறையைப் பார்க்க செல்லைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்க. அப்போதும் தெரிந்தால் கண்ணாடிமேல் ஒட்டிய, ஒளியை வடிகட்டும் போலரைசர் ஃபிலிம் கெட்டிருக்கிறது. மோந்து பாருங்க, வினிகர் வாடை அடித்தால் உறுதி. ஃபிலிமில் உள்ள செல்லுலோஸ் அசிடேட் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது. அந்த அமிலமே சிதைவை இன்னும் முடுக்குகிறது. அதனால் அந்தப் பொம்மையை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் அடைக்காதீங்க. ஃபிலிமை உரித்துப் புதிது ஒட்டலாம்தான். ஆனால் கண்ணாடி அப்பளம் மாதிரி, ஓரம் பிடித்து நெம்பினால் விரிசல் விடும். கறை ஓரத்தோடு நின்றிருந்தால் நான் தொடமாட்டேன்.

கோடுதான் உண்மையான பழுது. பழைய கறுப்பு-வெள்ளைப் பொம்மைகள் பலவற்றில் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை இருக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து இறுக்கினாலே கோட்டில் போன படம் திரும்பிவிடும். சில மாடல்களில் ரிப்பனைச் சூடாக்கினாலும் பிடிக்கும். அந்த வைத்தியத்தைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கலர்த் திரையில் ரிப்பன், மின்கடத்தும் துகள் கலந்த பசையால் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். அங்கே இரும்பு முனையை வைத்தால் பசை இளகி, ஒரு கோடு போனது பத்தாகும். மின்சாரம் இருக்கையில் திரையின் கீழ் விளிம்பை விரல் நுனியால் லேசாக அழுத்துங்க. கோடு வந்து வந்து போனால், மூடியைக் கழற்றி, ரிப்பன் ஒட்டின இடத்துக்கு மேலே 0.5 மி.மீ. ஃபோம் டேப் துண்டு ஒன்றை வைத்து மூடுங்க. கோவை காந்திபுரம் மொபைல் ஸ்பேர்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்க. அழுத்தியும் அசையாவிட்டால் திரையை இயக்கும் சிப்போ கண்ணாடியோ போயிருக்கலாம், அப்படியே விடுங்க. மாற்றுத் திரை வேண்டுமென்றால் இன்னொரு பொம்மையைத்தான் பலி கொடுக்கணும்.

மூடியைத் திறந்த கையோடு செல் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்க. அது செல்லிலிருந்து கசிந்த காரம் (ஆல்கலி). பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹால், அரை நாள் காயவிட்டுத்தான் செல் போடணும்.

சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னல் ஷோகேஸும் கார் டேஷ்போர்டும் ஆகாது. விளையாடாத நாளில் செல்லைக் கழற்றிவிடுங்க.

அடுத்து 2009-இன் தமகோச்சி ஐடி வாங்கும் எண்ணம் இருந்தால், செல் போடாமல் எடுத்த படம் ஒன்றும், போட்டு நாலு பக்கமும் சாய்க்கும் வீடியோ ஒன்றும் கேளுங்க. ஜப்பான் ஏலத்தில் 'ஜங்க்' என்று போட்டிருந்தால் உதிரிப் பாகத்துக்கு என்று எண்ணியே விலை வையுங்க.