டம்ளர் விழும் சத்தமும் பழைய பயமும்

கேள்வி: எனக்கு 34 வயது. சிறுவயதில் அப்பா குடித்துவிட்டு வந்து சாப்பாட்டுத் தட்டை விட்டெறிவார், அம்மாவை அடிப்பார். இப்போது என் 6 வயது மகள் ஒரு டம்ளரைக் கீழே போட்டால்கூடக் கத்துகிறேன். சில நாள் அடித்தும் விடுகிறேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுகிறேன். 'அப்பன் புத்தி' என்கிறார் கணவர். இது ரத்தத்தில் வந்ததா டாக்டர்?

பதில்: பிறவிக் குணத்துக்கும் ஓரளவு பங்கு உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் தெரிகிறது அம்மா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று கணித்த பிள்ளையாக இருந்திருப்பீர்கள். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, அப்படி வளர்ந்தவர்களிடம் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளும். 'பொறு, விழுந்தது வெறும் டம்ளர்' என்று அதை அமர்த்த வேண்டியது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி. அது முதிரவே ஏறக்குறைய 25 வயதாகும். அழும் பிள்ளையை யாராவது மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தால்தான், பின்னாளில் அது தன்னைத்தானே தேற்றிக்கொள்ளப் பழகும். அடிபட்டுக் கிடந்த உங்கள் அம்மாவால் அன்று அது முடிந்திருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கத்திய பிறகு வரும் குற்ற உணர்ச்சியை யாரிடமும் சொல்லாமல் விழுங்குகிறீர்கள். தூக்கம் கெடும், மறுநாள் பொறுமை இன்னும் குறையும், வீட்டில் சண்டை கூடும். அந்தச் சண்டைச் சத்தம் பழைய வீட்டை மறுபடி கண்முன் நிறுத்தும். காயம் கோபத்தைக் கிளப்புகிறது, கோபம் காயத்தை ஆறவிடுவதில்லை.

9,500 பேரிடம் நடத்தி 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. அதனால்தான் இதை 'சுபாவம்' என்று விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

பழைய கதையை முழுக்கத் தோண்டினால்தான் குணமாகும் என்பதில்லை. உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய, உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் 'டிபிடி' என்ற பேச்சு சிகிச்சையில் முதலில் கொந்தளிப்பைத் தாங்கும் பயிற்சிதான். காயத்தைத் தொடுவது பிறகு. கத்துவதற்கு முன் உங்களுக்குத் தாடை இறுகுகிறதா, காது சூடாகிறதா என்று கவனியுங்கள். தெரிந்த உடனே அந்த இடத்தைவிட்டு நகருங்கள். முகத்தில் குளிர்ந்த நீர் அடித்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து மகளிடம் வரலாம். அடிப்பது மட்டும் இன்றோடு நிற்க வேண்டும். அதில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண் 'டெலி மானஸ்' 14416: இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். 'அப்பன் புத்தி' என்ற சொல் உங்களை எங்கே தள்ளுகிறது என்று அவர் நேரில் கேட்க வேண்டும்.

அடுத்த முறை கத்திவிட்டால் குளியலறைக்குப் போகாதீர்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "டம்ளர் விழுந்தது உன் தப்பில்லடா, அம்மா கத்தினதுதான் தப்பு" என்று சொல்லுங்கள்.