30 ஆண்டு கெடு உங்கள் அலுவலகத்துக்கு இல்லை

கேள்வி: மாநில அரசுக்குச் சொந்தமான கடன் நிறுவனம் ஒன்றின் திருநெல்வேலி அலுவலகத்தில் சட்டப் பிரிவுக்குப் பொறுப்பேற்று ஓராண்டு ஆகிறது. எனக்குக் கீழே நான்கு உதவியாளர்களும் வழக்கு நடத்த இரண்டு பேனல் வக்கீல்களும் இருக்கிறார்கள். முன்பிருந்தவர் கோப்புகளைத் திறந்தே பார்க்கவில்லை. உதவியாளர்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. தணிக்கை ஆட்சேபணை வந்தால் மெமோ எனக்கு வருகிறது. அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் 2018 நவம்பரிலிருந்து தவணை கட்டவில்லை. 2023 ஆகஸ்டில் ஒரு காசோலை கொடுத்தார்; அது பணமானது. கடனுக்குச் சொத்து அடமானம் இல்லை. ஜாமீன் போட்ட மைத்துனருக்குப் பாளையங்கோட்டையில் சொந்த வீடு இருக்கிறது. வருவாய் மீட்புச் சட்டப்படி ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதியும் ஜப்தி நடக்கவில்லை. அசலும் கொஞ்சம் வட்டியும் தருகிறேன், மீதியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று இப்போது கேட்கிறார். ஊழியர்கள் முன்னால் என்னை ஏளனமாகவும் பேசினார். அரசுப் பணத்துக்கு வழக்குப் போட 30 ஆண்டு கெடு உண்டு, அவசரமில்லை என்கிறார்கள் உதவியாளர்கள். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முன்பிருந்தவர் செய்யாததும், உதவியாளர்கள் மதிக்காததும், ஆலைக்காரர் பேசியதும் நீதிமன்றத்தில் ஒரு வரிக்கும் உதவாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய சேதி, கடைசிக்கு முந்தைய வரிகளில் போகிற போக்கில் எழுதிய அந்த 30 ஆண்டுதான். அது தவறு. காலவரையறைச் சட்டம், 1963இன் அட்டவணையில் 112ஆம் இனம் மத்திய அரசும் மாநில அரசும் தொடுக்கும் வழக்குகளுக்கு மட்டுமே 30 ஆண்டு தருகிறது. பங்கு முழுவதும் அரசிடம் இருந்தாலும், தலைவராக ஐ.ஏ.எஸ். அதிகாரியே அமர்ந்திருந்தாலும், உங்கள் நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள், அரசு ஆகாது. ஆகவே கடைத்தெருவில் கைமாற்றுக் கொடுத்தவருக்கு உள்ள அதே 3 ஆண்டுதான் உங்களுக்கும். அடமானப் பத்திரம் இருக்கும் கோப்புகளில் அந்தச் சொத்தின்மேல் 12 ஆண்டு கிடைக்கும். இந்தக் கோப்பில் அதுவும் இல்லை.

இனி கணக்கு. முழுத் தொகையையும் கேட்டு நோட்டீஸ் கொடுத்த நாளை நீங்கள் எழுதாததால், மிக முந்தைய நாளையே கெடு தொடங்கும் நாளாக வைத்துக்கொள்கிறேன். 2018 நவம்பரிலிருந்து 2020 மார்ச் 15 வரை 16 மாதம் ஓடிவிட்டது. அன்று முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கொரோனாவை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்திருக்கிறது. மிஞ்சிய 20 மாதம் 2022 மார்ச் 1இல் மறுபடி ஓடத் தொடங்கி 2023 அக்டோபரோடு தீர்ந்திருக்கும். காசோலை ஆகஸ்டில் வந்ததால் பிழைத்தீர்கள். கெடு முடியுமுன் கடன்காரர் கையெழுத்தோடு வந்த பகுதித் தொகைக்கு அதே காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு புதிதாக 3 ஆண்டு தருகிறது. ஆலைக்காரர்மேல் உங்கள் உரிமை 2026 ஆகஸ்ட் வரை உயிரோடு இருக்கிறது. அந்தக் காசோலையின் நகலை வங்கியிலிருந்து இந்த வாரமே வாங்கிக் கோப்பில் வையுங்கள். பேரேட்டில் பணம் வரவான பதிவு மட்டும் போதாது, அவர் கையெழுத்து வேண்டும்.

மைத்துனர் சங்கதி வேறு. ஒருவர் கொடுத்த பணமோ போட்ட கையெழுத்தோ உடன் கடன்பட்ட மற்றவரை அதனால் மட்டுமே கட்டாது என்பது 20ஆம் பிரிவு. ஜாமீன் பத்திரம், கணக்கு தீரும் வரை நீடிக்கும் தொடர் ஜாமீனாக எழுதப்பட்டு, ஆலைக்காரரின் ஒப்புதல் தன்னையும் கட்டும் என்று அதில் தெளிவாக இருந்தால் வாதாட இடம் உண்டு. இல்லையென்றால் நீங்கள் நம்பியிருக்கும் பாளையங்கோட்டை வீடு பெரும்பாலும் கைவிட்டுப் போய்விட்டது.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதிவிட்டால் கோப்பு பத்திரம் என்பது எல்லாச் சட்டப் பிரிவுகளிலும் இருக்கும் நம்பிக்கை. கேரள அரசு எதிர் கல்யாணிக்குட்டி வழக்கில் 1999இலேயே உச்ச நீதிமன்றம், காலம் கடந்த கடனை வருவாய் மீட்பு வழியிலும் வசூலிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் உங்கள் கடிதம் கிடந்த காலத்தைக் கழித்துக் கேட்கவும் வழியில்லை. 14ஆம் பிரிவு நீதிமன்றத்தில் நடந்த நடவடிக்கைக்குத்தான் அந்தச் சலுகையைத் தருகிறது, தாசில்தார் மேசை நீதிமன்றம் ஆகாது.

நான் அதிகம் அஞ்சுவது இனி நடக்கக்கூடியதை. கெடு போய்விட்டது என்று தெரிந்ததும், தணிக்கைக்கு முன்னால் யாராவது ஓர் உதவியாளர், ஜாமீன்தாரரிடமிருந்து பழைய தேதியில் கடன் ஒப்புதல் கடிதம் வாங்கிவிடலாம் என்பார். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்து, தேவையானபோது தேதி போடும் பழக்கமும் உண்டு. இதில் சிக்கிய அதிகாரிகளுக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். ஒரு கோப்பில் 2018 தேதியிட்ட ஒப்புதல் கடிதம் இருந்தது. கடையநல்லூர்க்காரரான கடன்காரரின் முகவரிக்குக் கீழே ‘தென்காசி மாவட்டம்’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். இன்னொரு கோப்பில், முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர் எழுதியிருந்த நாள், முன்புறக் கையெழுத்தின் நாளுக்குப் பிந்தியதாக இருந்தது. காலம் கடந்த கடன் நிறுவனத்துக்கு நட்டம், அவ்வளவுதான். பொய்த் தேதிக் கடிதத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் அது ஆவண மோசடி. பிராதில், அதாவது வழக்கு மனுவில், கையெழுத்திடுபவர் நீங்கள் என்பதால் குற்ற வழக்கும் துறை நடவடிக்கையும் முதலில் உங்களைத் தேடி வரும். உதவியாளர் சாட்சிக்கூண்டில் ஏறி, மேலதிகாரி சொன்னபடி செய்தேன் என்பார்.

தாமதத்தை மன்னிக்கக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் உண்டு. புதிதாகத் தொடுக்கும் வழக்குக்கும், தீர்ப்பாணையை நிறைவேற்றும் மனுவுக்கும் இல்லை. அது உள்ள இடத்திலும், கோப்பு மேசை மேசையாகச் சுற்றியது என்ற சமாதானத்தை உச்ச நீதிமன்றம் 2012இல் லிவிங் மீடியா வழக்கிலேயே ஏற்கவில்லை. 2020இல் 663 நாள் தாமதமாக வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து அதை வசூலிக்கச் சொன்னது.

ஆகவே சமரசம் செய்யுங்கள். உங்கள் மனவருத்தம் நியாயமாக இருக்கலாம். ஆனால் அடமானமில்லாத கடனுக்காகச் சில ஆண்டு வழக்காடித் தீர்ப்பாணை வாங்கி, பிறகு நிறைவேற்று மனுவோடு அலைவதைவிட, அசலும் கொஞ்சம் வட்டியும் கையில் வருவது நிறுவனத்துக்கு லாபம். உங்கள் துருப்பு என்னவென்றால், மைத்துனர் மீதான கெடு போனது ஆலைக்காரருக்கு இன்னும் தெரிந்ததாகத் தெரியவில்லை, தெரியும் வரை இந்தத் தொகை நிற்கும். அவரிடம் பொய் எதுவும் சொல்ல வேண்டாம், சட்ட ஆலோசனை வழங்கவும் வேண்டாம். பாளையங்கோட்டையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கு பதிவாகும் சமரசம் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை, நிறைவேற்ற 12 ஆண்டு கிடைக்கும். மைத்துனரும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வட்டியில் இன்னும் கொஞ்சம் குறைத்தாவது அதை வாங்குங்கள். காலம் கடந்த கடனையும் எழுத்தில் ஒப்புக்கொண்டு தருவதாகக் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைச் செல்லும் வாக்குறுதியாகவே கொள்கிறது. தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கேட்கலாம் என்ற வரியும் சமரசத்தில் இருக்கட்டும்.

தள்ளுபடிக்கு அதிகாரம் உள்ளவரின் எழுத்து ஒப்புதல், மக்கள் நீதிமன்ற நாளுக்கு முன்பே கோப்பில் வந்துவிட வேண்டும். தொலைபேசியில் சொன்னார் என்பது தணிக்கையில் எடுபடாது. பேச்சு ஜூன் மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால், சமரசப் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் காத்திராமல் பிராதைத் தாக்கல் செய்துவிடுங்கள். மற்ற கோப்புகளுக்கு, கடைசிக் கையெழுத்து நாளும் கெடு முடியும் நாளும் மேலட்டையிலேயே உங்கள் கையால் எழுதப்படட்டும். அந்த வேலையை உதவியாளரிடம் கொடுக்க வேண்டாம்.